இடக்கை முடிச்சு

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பாய் கட்டிப் படகு ஓட்டலாம் என்று முதலில் சொன்னது நான் இல்லை, அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு காரியம் நன்றாக முடிந்தால் அது அவருடைய யோசனை, கெட்டுப்போனால் என்னுடையது. கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் இந்த வழக்கம் ஒரு நாளும் மாறியதில்லை.

நாங்கள் பந்தல் போடுகிறவர்கள். ஐயம்பேட்டையில் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் சவுக்குக் கம்பு, மூங்கில், ஏணி, கயிறு, மூட்டை மூட்டையாகப் பந்தல் துணி. காஞ்சிபுரத்திலும் சுற்று ஊர்களிலும் கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, எதுவானாலும் எங்களுக்கு போன் வரும். நான் எடுத்தால், "பந்தல்காரர் இல்லையாம்மா?" என்பார்கள். இத்தனை அடி அகலத்துக்கு இத்தனை கம்பு என்று மனதிலேயே போட்டுச் சொல்வது நான். துணி தைப்பது நான். கயிற்றை அளந்து அறுத்துக் கட்டுக் கட்டாக வைப்பது நான். அவர் ஏணியின் உச்சியில் நின்று "அதை எடு, இதை எடு" என்பார். நான் கீழே நின்று ஏணியையும் பிடித்துக்கொண்டு, கேட்டதையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு எத்தனை கை இருக்கிறது என்று அவர் ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருக்கலாம்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த ஒரு மாதம் எங்கள் கொட்டகை தூங்கும், அவர் கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். போன மார்கழியில் போன் வீடியோவில் அவருக்கு ஒரு வெள்ளைக்காரக் கணவன் மனைவி கிடைத்தார்கள். இரண்டே பேர், ஒரு பாய்மரப் படகு, சுற்றிலும் கடல். சாப்பிடும்போதும் அதுதான், பல் தேய்க்கும்போதும் அதுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் படகைப் பார்த்தார். நான் வேறு ஒன்றைப் பார்த்தேன். அந்தப் பெண் படகைத் திருப்புகிற சுக்கானைப் பிடித்திருப்பாள், அவன் பாயின் கயிற்றைப் பிடித்திருப்பான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து இடம் மாற்றிக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் கேட்கக்கூட மாட்டார்கள்.

"நாமளும் ஒண்ணு கட்டலாம்மா," என்றார் ஒரு நாள். "தாமல் ஏரி ரொம்பிக்கினு இருக்குது. தெப்பம் கட்ன டிரம்மெல்லாம் சும்மாதான கெடக்குது. ரெண்டு பேரும் போலாம்."

"யாரு ஓட்றது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும்தான். நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம்."

இந்தப் பதிலைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. நாற்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை, காது குத்தப் போகிற குழந்தை மாதிரி புதுத்துணியைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

அது ஏன் எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று சொல்ல வேண்டுமானால் முசரவாக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

அது நடந்து பதினோரு வருடம் இருக்கும். வைகாசி மாதம், முசரவாக்கத்தில் ஒரு கல்யாண வீடு, தெருவை அடைத்துப் பந்தல். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. காற்று வருகிற பக்கத்து ஓரத் துணியை உருவு முடிச்சுப் போட்டுத்தான் கட்ட வேண்டும். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடுகிற முடிச்சு அது. கோடைக் காற்று திடீரென்று அடித்தால் நாலு முடிச்சை உருவிவிட்டால் போதும், துணி சரிந்துவிடும், காற்று அதன் வழியில் போய்விடும், கம்பு நிற்கும். அவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் தான் கட்டிய முடிச்சு எந்தக் காலத்திலும் அவிழாது என்பதில் அவருக்குப் பெருமை. மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு, "யானையைக் கட்டலாம்" என்பார். பந்தலில் யாரய்யா யானை கட்டுகிறார்கள்?

அன்றைக்குக் காலையிலேயே நான் சொன்னேன். கேட்கவில்லை. மத்தியானம் பந்தி நடக்கும்போது காற்று அடித்தது. நான் ஓடிப்போய் ஓரக் கயிற்றின் நுனியைத் தேடி இழுத்தேன். அசையவில்லை. துணி உப்பியது, ஒரு பக்கத்துக் கம்பெல்லாம் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்தது, பிறகு மொத்தமாக விழுந்தது. கல்யாணப் பெண்ணின் அத்தைக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. எல்லோரும் கத்திக்கொண்டு எங்களைச் சுற்றி வந்தபோது என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார்.

"இவ கட்ன ஓரம்ங்க. உருவு முடிச்சு போட்றீன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன், கேக்கல."

நான் வாயைத் திறக்கவில்லை. அவரை அடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஒரு பெண்ணை அடிக்க மாட்டார்கள், திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படியேதான் நடந்தது. வீட்டுக்குப் போனதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார், நாலு நாள் கழித்து ஊரிலும் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போகப் போக அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் கட்டியதால்தான் பந்தல் விழுந்தது என்று ரேஷன் கடை வரிசை வரைக்கும் செய்தி வந்தது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள், "உங்க வீட்டம்மாவ கட்ட வுடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் நான் வெளியில் ஒரு முடிச்சுப் போட்டதில்லை. கொட்டகையில் தைப்பேன், அறுப்பேன், அளப்பேன். கல்யாண வீட்டு வாசலில் ஏணி பிடிப்பேன். முசரவாக்கம் வழியாக ஷேர் ஆட்டோ போனால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அது என் முடிச்சு இல்லை என்று அவர் தன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு இந்த ஒரு நூலைத்தான் கேட்டேன்.

அதனால்தான் "நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம்" என்றபோது மயங்கினேன்.

கொட்டகையில் பன்னிரண்டு நீல டிரம் கிடந்தன. முந்தைய வருடம் ஒரு கோவில் குளத்துத் தெப்பத்துக்காக நாங்கள் கட்டியவை. வாயை அடைத்து, மேலே மூங்கில் சட்டம் போட்டு, பலகை பரப்பினோம். நடுவில் ஒரு சவுக்குக் கம்பு, அதில் குறுக்காக மூங்கில், அதிலிருந்து பாய். பாயை நான் தைத்தேன். வெள்ளையும் மஞ்சளும் பட்டை போட்ட சாமியானாத் துணி, ஓரத்தில் இரட்டைத் தையல், மூலைக்கு மூலை தோல் ஒட்டு. நான் தைத்ததிலேயே நல்ல வேலை அதுதான். அவரும் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

மினி லாரியில் ஏற்றித் தாமலுக்குக் கொண்டுபோனோம். மீன் குத்தகைக்காரரிடம் கேட்டோம். வலை கட்டியிருக்கிற பக்கம் மட்டும் வராதீர்கள் என்றார். எங்களிடம் பல வருடமாக வேலை செய்கிற ஆள் ஒருவர், என் வீட்டுக்காரரை விட ஐந்தாறு வயது இளையவர், கூட வந்து தள்ளிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் ஏறி உட்கார்ந்தோம். பாயை விரித்தோம். காற்று பிடித்தது. படகு நகர்ந்தது. நகர்ந்து, ஒரு பக்கமாகத் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது.

அவர் சுக்கான் வைக்கவே இல்லை. தெப்பம் கட்டிப் பழகிய கை. தெப்பத்தைக் கரையில் நிற்கிறவர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள், அதற்குச் சுக்கான் எதற்கு? நாள் முழுக்க அந்த வெள்ளைக்காரி பிடித்திருந்த சாதனத்தை இந்த மனிதர் பார்க்கவே இல்லை. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கைகளைக் குவித்துக் கத்தினார்: "தெப்பம் மூணு சுத்து முடிஞ்சிது, கற்பூரம் காட்டட்டுமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூங்கில் கழியால் தள்ளித் தள்ளிக் கரை சேர்ந்தோம்.

சுக்கான் நான் செய்தேன். ஏணியின் உடைந்த கால் ஒன்று, அதன் முனையில் ஒரு அகலப் பலகை, பின்பக்கத்து மூங்கிலில் தோல் வாரால் ஒரு வளையம். நாலு நாள் கழித்து மறுபடியும் போனோம். இந்தத் தடவை நான் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தேன். அவர் பாயின் கயிற்றைப் பார்த்துக்கொண்டார். படகு சாயாமல் இருக்க, காற்று வரும் பக்கத்தில் ஒரு மணல் மூட்டை. பாயின் கீழ் மூலைக் கயிற்றை நான்தான் கட்டினேன், உருவு முடிச்சு.

அன்றைக்குப் படகு போயிற்று. சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு போயிற்று. நான் சுக்கான் கட்டையை ஒரு விரற்கடை தள்ளினால் அவ்வளவு பெரிய சாமான் மெல்ல முகத்தைத் திருப்பியது. டிரம்முக்கு அடியில் தண்ணீர் குளுகுளுவென்று பேசிக்கொண்டே வந்தது. அப்படியே ஒரு கால் மணி நேரம் இருக்கும். அவர் திரும்பிப் பார்த்து, "நல்லா ஓட்றியே," என்றார். அவர் மேல் எனக்கு ஆசை இல்லாமல் போய்விடவில்லை, இதையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் முசரவாக்கத்தைக் கூட மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, வாயைத் திறந்து சொல்லவில்லை.

அவரோ அன்று மாலையே தன் போனில் இருக்கிற எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டார். "நான் கட்டிய படகு." சுக்கானையும் பாயையும் பற்றி ஒரு எழுத்து இல்லை. படத்தில் நானும் பாதி முகம்தான் இருந்தேன்.

காணும் பொங்கலுக்கு ஏரிக்கரை முழுக்க ஜனம். கட்டுச்சோறு, கரும்பு, குழந்தைகள், வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். அன்றைக்குத்தான் படகு விட வேண்டும் என்று அவர் பிடிவாதம். கரையில் இறங்கியதும் நான் நேராகப் பின்பக்கம் போய்ச் சுக்கானைப் பிடித்தேன்.

"அங்க இல்ல, இங்க வா," என்றார். மணல் மூட்டையைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு அந்த இடத்தைக் காட்டினார். "நீ இங்க உக்காரு."

"நான்தான ஓட்றேன்?"

"இவ்ளோ ஜனம் பாத்துக்கினு இருக்குது. நான் ஓட்றேன். மூட்டையோட போனா பாக்க நல்லாவா இருக்கும்? நீ உக்காந்தா எடையும் ஆச்சு, ஜோடியாவும் இருக்கும்."

எடையும் ஆச்சு. நான் இதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை. இருபத்து நான்கு வருடம் இவரோடு வாழ்ந்து நான் ஒரு மூட்டையின் வேலைக்கு உயர்ந்திருக்கிறேன். கரையில் நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அங்கேயே இறங்கிவிட்டால் அவருக்கு அவமானம் என்று நினைத்து உட்கார்ந்தேன். இந்த மாதிரி நினைத்து நினைத்தே என் பாதி ஆயுசு போயிற்று.

உட்காருவதற்குள் இன்னொன்றும் பார்த்தேன். பாயின் மூலைக் கயிற்றை அவர் கட்டினார். தேங்காய்நார்க் கயிறு, மூன்று சுற்று.

"உருவு முடிச்சு போடுங்க," என்றேன்.

"அது அவுந்துக்கினா எல்லாரும் சிரிப்பாங்க. இது யானையக் கட்னாலும் நிக்கும்."

மறுபடியும் அதே யானை.

கரையிலிருந்து விசில் அடித்தார்கள். கொஞ்ச தூரம் ஒழுங்காகவே போயிற்று. அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டிக் கரைக்குக் காட்டினார், தேரில் போகிற மாதிரி. நடு ஏரியில் காற்று மாறியது. முதலில் தண்ணீர்மேல் கறுப்பாக ஒரு சுருக்கம் ஓடி வந்தது, நான் பார்த்தேன், "காத்து வருது, பாய உடுங்க" என்றேன். அதற்குள் பாய் உப்பிவிட்டது. நான் உட்கார்ந்திருந்த பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழும்பியது. எதிர்ப்பக்கத்து டிரம்கள் முங்கின.

அவர் சுக்கானை விட்டுவிட்டு முடிச்சில் பாய்ந்தார். நனைந்த நார்க் கயிறு. நனைந்தால் அது இன்னும் இறுகும், பந்தல்காரருக்குத் தெரியாதா? நகத்தால் கீறினார், பல்லால் கடித்தார். அவர் பெருமைப்பட்ட முடிச்சு, சொன்ன சொல் தவறாமல் நின்றது.

"கத்தி! கத்தி எங்கமே?"

கயிறு அறுக்கும் சின்ன அரிவாள் எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். எடுத்தேன். தவழ்ந்துபோய் முடிச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறுக்கவில்லை.

"இது யாரு முடிச்சு?" என்றேன்.

"இன்னா?"

"இது யாரு கட்ன முடிச்சு?"

"பைத்தியமா உனுக்கு? அறுடி மொதல்ல!"

எனக்கு நீச்சல் தெரியும். தாமலில் பிறந்தவள், இந்த ஏரியில்தான் கற்றுக்கொண்டேன். அவருக்குத் தெரியாது. இது தெரிந்தேதான் செய்தேன், இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

"சொல்லுங்க, அறுக்கறேன்."

"என்துதான் தாயே, என் முடிச்சுதான், அறு!"

"முசரவாக்கத்துல?"

அவர் என்னைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அந்த ஊரின் பெயரை நான் வாயில் எடுத்ததில்லை. ஒரு டிரம் கட்டிலிருந்து நழுவித் தனியாக மிதந்து போயிற்று. பலகை மேல் தண்ணீர் ஏறியது.

"அதுவும் நான்தான் கட்னேன்," என்றார். "நான்தான். அறும்மா."

ஒரே இழுப்பில் அறுத்தேன். முடிச்சுக்கு ஒரு சாண் மேலே அறுத்தேன். முடிச்சு மூங்கிலில் அப்படியே இருக்கட்டும் என்று அந்த அவசரத்திலும் எனக்குத் தோன்றியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றை விட்டது, படகு பொத்தென்று நேராக விழுந்தது. மீதி வழி முழுக்க நான் சுக்கான் பலகையைக் கழற்றித் துடுப்பாக வைத்துத் தள்ளினேன். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. சொல்லிவிட்டார். கேட்டது ஏரி மட்டும்தான், ஆனாலும் சொல்லிவிட்டார். கரை ஏறியதும் ஊரிலும் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். ஆமாம், மறுபடியும் நம்பினேன்.

கரையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?"

அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஒண்ணும் இல்லப்பா. இவ கட்ன முடிச்சு. இறுக்கிட்டா, அவுக்க முடில. நான்தான் அறுக்கச் சொன்னேன்."

முகத்தில் தண்ணீர் கூடக் காயவில்லை. நடு ஏரியில் தாயே என்று கும்பிட்ட வாய் அது. யாரோ ஒருவர், "பொம்பளய கயிறு புடிக்க வுட்டா இப்டித்தான்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முசரவாக்கத்தில் நான் இளையவள், பயந்தேன். இங்கே என் கையில் அரிவாள் கூட இன்னும் இருந்தது.

நான் அன்றைக்கும் படகைத் தள்ளிவிட வந்திருந்த எங்கள் ஆளைக் கூப்பிட்டேன்.

"படகுல அந்த முடிச்சு அப்டியே இருக்குது. போய் அவுத்துக்கினு வாங்க."

அந்த ஆள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகருகே குனிந்தார். என் வீட்டுக்காரர் இடக்கைக்காரர். கல்யாண வீட்டில் இடக்கை ஆகாது என்பார்கள், அதனால் முகூர்த்தக்கால் நடும்போது மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வலக்கையால் நடுவார். மற்றதெல்லாம் இடக்கைதான். அவர் போட்ட முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு நேர்மாறாகச் சுற்றியிருக்கும். பந்தல் பிரிக்கும்போது எங்கள் ஆட்கள் அவர் முடிச்சு வந்தால் முணுமுணுத்துக்கொண்டே கையை மாற்றிப் பிடித்துத் திருப்புவார்கள்.

அந்த ஆள் முடிச்சில் கை வைத்தார். அவர் விரல்கள் தானாக எதிர்ப்பக்கம் திரும்பின. திரும்பியதும் நின்றுவிட்டன. நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது அண்ணன் முடிச்சு, அண்ணி," என்றார். "எடக்கை முடிச்சு."

கரையில் இருந்தவர்களுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு இடம் மாறியது. என் வீட்டுக்காரர் வேட்டியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மறுநாள் காலையில், "வண்டிய எடுங்க, முசரவாக்கம் போறோம்," என்றேன்.

"எதுக்கு?"

"ஏரில சொன்னத அங்க சொல்றதுக்கு."

அவர் மறுக்கவில்லை. வழி முழுக்க அவர் பின்னால் முந்தானை தலையில் இல்லாமல் உட்கார்ந்து வந்தேன். அந்த அத்தை வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஒடிந்த கை கொஞ்சம் வளைந்தே இருந்தது, அந்தக் கையாலேயேதான் மாவை விட்டுக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அன்னைக்குக் கல்யாணத்துல அந்த ஓரக் கயிறு கட்னது நான்தாம்மா. இவ இல்ல."

"தெரியுமேப்பா," என்றார் அந்த அம்மாள்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். "இன்னாங்க தெரியும்?"

"அவருதான கட்னாரு. காலைல நான் அந்த ஓரத்துக்குக் கீழதான உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தேன். கல்யாண வூட்ல எடது கைல கட்றாரேன்னு எங்க அண்ணன்கிட்ட கூட சொன்னேன். எங்காளுங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா என்னத் திட்னீங்க? இத்தினி வருஷமா ஊரே பேசிச்சே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அந்த அம்மாளுக்கு நான் ஏன் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"தொழில் பண்றவராச்சேம்மா. அவரு பேரு கெட்டுப்போனா யாரு கூப்டுவாங்க? நீ கூடமாட இருக்கறவ. உனுக்கு இன்னா போச்சு?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் நிம்மதி. ஊருக்கே தெரியும், யாரும் தன்னைத் தப்பாக நினைக்கவில்லை என்ற நிம்மதி. ஏரியில் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவர் ஒருவர்தான் பொய் சொன்னார், மற்றவர்கள் அதை நம்பிவிட்டார்கள் என்று பதினோரு வருடம் நினைத்திருந்தேன். யாருமே ஏமாறவில்லை. தெரிந்தே என் தலையில் வைத்தார்கள், நான் தாங்குவேன் என்று. எடைக்கு வைத்த மூட்டை.

பேச்சை மாற்றுகிறவர் போல அந்த அம்மாள் சொன்னார்: "மாசில பேத்திக்குக் காது குத்தறோம். நீயே வந்து பந்தல் போட்ருப்பா."

"போட்டுட்லாம்மா," என்றார் இவர், உடனே.

"ஓரக் கயிறு நான் கட்றதா இருந்தா வரோம்," என்றேன். "இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

அந்த அம்மாள் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, "அவளே கட்டுவா," என்றார்.

படகு இப்போது கொட்டகையில் இருக்கிறது. போன டிரம்முக்குப் பதில் வேறு போட்டாயிற்று. அடுத்த மார்கழியில் ஏரி நிரம்பினால் இரண்டு பேரும் போவோம், அவருக்கும் ஆசை விடவில்லை, எனக்கும் விடவில்லை. யார் எங்கே உட்காருவது என்பதில் மட்டும் பேச்சு முடிந்துவிட்டது. எடையில் அவர் எனக்குக் குறைந்தவர் இல்லை.

மாசியில் முசரவாக்கத்தில், அதே தெருவில், பந்தலின் ஓரம் முழுக்க நான் கட்டினேன். அவர் ஏணியைப் பிடித்தார். ஒவ்வொன்றும் உருவு முடிச்சு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து மறுபடியும் போட்டேன். தெருவே நின்று பார்த்தது. கட்டி இறங்கியபோது அந்த அத்தை ஒரு நாற்காலியோடு வந்தார். அண்ணாந்து ஓரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியை ஓரத்தை விட்டு நாலு அடி தள்ளி உள்ளே போட்டு உட்கார்ந்தார்.

நான் போய் அவர் எதிரில் நின்றேன். "எழுந்திருங்க," என்றேன். எழுந்தார். நாற்காலியை எடுத்துவந்து, பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்து வெங்காயம் உரித்த இடத்தில், என் முடிச்சுக்கு நேர் கீழே போட்டேன்.

"இங்க உக்காருங்க."

உட்கார்ந்தார்.